திட்டில் விட்டு வந்த நாய்

போன கிழமை கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய மகன் கொழும்பிலிருந்து பிட்புல் நாய்க்குட்டி ஒன்று கொண்டுவரப் போகிறானாம். "நீ வளத்தனியெல்லோ. பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு அது சரிவருமோ?" நான் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வளர்த்த பிட்புல் என் மனைவியின் தமையனுடையது. அவர் வெளிநாடு போகும்போது எங்கள் வீட்டு வளவில் கட்டிவிட்டுப் போனார். சாம்பல் நிறம், பெரிய தலை, வாயை மூடியிருக்கும்போதும் சிரிப்பதுபோல ஒரு தாடை. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. இரண்டாம் நாளே அவள் அதற்குத் "தம்பி" என்று பெயர் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

மூன்று வருடம் அது ஒரு கோழியைக்கூடக் கடிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் வாசல் படலைக்குப் போய் நிற்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கட்டிலின் கீழே படுத்துக்கொண்டு சாப்பிட மறுக்கும். அவள் அதன் வாய்க்குள் கையை விட்டு மீன் முள்ளை எடுத்திருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்க்க வருகிற எல்லாருக்கும் நான் சொன்னது ஒரே வசனம்தான்: "அது ஒண்டும் செய்யாது."

என் சகலன்தான் என்னோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்கு வருகிறவர். அவர் அடிக்கடி சொல்லுவார்: "இந்த வீட்டிலை ஆம்பிளை எண்டா நாய்தான். நீர் சும்மா வாலை ஆட்டிக்கொண்டு நிக்கிறீர்." மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

முதல் வருடம் அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டோம். அடுத்த இரண்டு வருடமும் போடவில்லை. ஊசி போடுகிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது எல்லாரும் எங்களை விட்டு விலகி நின்று பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதிலில் ஏறி இருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் திரும்பப் போகவில்லை. இதைவிட வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒக்டோபர் மாதம் எங்கள் பகுதியில் மாதா சுரூபத்தை ஒவ்வொரு வீடாகக் கொண்டுவந்து செபமாலை சொல்வார்கள். சுரூபம் படலைக்குள் வரும்போது வெடி கொளுத்துவது வழக்கம். எங்கள் முறை வந்த அன்று பின்னேரம் ஆட்கள் பயப்படுவார்கள் என்று நான் தம்பியைக் குசினிக்குப் பின்னால் ஒரு முழக் கட்டைக் கயிற்றில் கட்டினேன். அதுவரை அதை நாங்கள் அப்படிக் கட்டியதில்லை. சகலன் நீளமான சீனவெடிக் கட்டு ஒன்றை முருங்கையில் தொங்கவிட்டுக் கொளுத்தினார்.

மகள் வெள்ளைச் சட்டையோடு பூத்தட்டு வைத்துக்கொண்டு முன்னால் நின்றவள். வெடிச் சத்தத்தில் நாய் ஊளையிட்டதைக் கேட்டுத் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடியிருக்கிறாள். அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். நான் போனபோது அவளுடைய கன்னத்திலும் கையிலும் இரத்தம். நாய் சுவரோடு ஒட்டி நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. "வெடி, அப்பா. வெடிக்குத்தான்" என்றாள்.

பக்கத்து வீட்டார் காயத்தில் கோப்பித்தூளை அப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போதுதான் அவள் கத்தினாள். ஊசி போட்டார்கள். மனைவி அவளோடு வாட்டில் நின்றாள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "இஞ்சருங்கோ, நான் பிள்ளையோடை வரேக்கை அது வளவுக்கை நிக்கக்கூடாது. என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது."

எங்கள் கரையில் வாடிக் கொட்டிலுக்குள் புகுந்து கருவாடு இழுக்கிற நாயை யாரும் கொல்வதில்லை. கொன்றால் பாவம் என்பார்கள். தெருவில் கொண்டுபோய் விட்டால் திரும்பி வந்துவிடும். அதனால் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் இருக்கிற மணல் திட்டில் இறக்கிவிட்டு வருவார்கள். திட்டில் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்கிற காலத்தில் யாராவது மீன் தலையாவது எறிவார்கள். அந்த மாதம் திட்டில் ஒருவரும் இல்லை. அது எனக்கும் தெரியும், சகலனுக்கும் தெரியும்.

விடியக் காலை நான் கூப்பிட்டவுடன் தம்பி வள்ளத்தில் பாய்ந்து ஏறியது. முன் அணியத்தில் போய் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது. சகலன் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. அரை மணித்தியாலத்தில் திட்டுக்குப் போனோம். இறங்கி மணலில் இரண்டு சுற்று ஓடியது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைத்தேன். "எஞ்சினைப் போடுங்கோ" என்றேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சகலன் பார்த்தார். "உந்தப் பக்கம் பாராதையும்" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிபோல தேத்தண்ணீரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு இளம் டொக்டர் கட்டிலடியில் நின்றார். பெண்பிள்ளை.

"ஐயா, நாய் எப்படி இருக்குது? கட்டி வைச்சிருக்கிறீங்களோ?"

"ஓம்" என்றேன்.

எந்த அரசாங்கக் கந்தோரிலும் யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பதினாலு நாள் கட்டி வைச்சுப் பாருங்கோ. சாப்பிடுதோ, தண்ணி குடிக்குதோ எண்டு. செத்தாலோ, காணாமல் போனாலோ, குணம் மாறினாலோ அதே நாள் வந்து சொல்லவேணும். அதுக்கு ஊசி போட்டதோ?"

"ஓம்."

இரண்டாவது பொய். அவர் அதை எழுதிக்கொண்டார். மூன்று கிழமைக்கு முன் ஒரு தெருநாய் தம்பியின் காதைக் கடித்திருந்தது. அந்தத் தெருநாய் பிறகு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. அந்த வாட்டில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

மகள் கேட்டாள்: "அப்பா, தம்பி சாப்பிட்டவனோ?"

"ஓம்."

நேரே கரைக்குப் போனேன். காற்று எழும்பியிருந்தது. சகலன் வள்ளத்தைத் தள்ள விடவில்லை. "உமக்கு நீந்தத் தெரியும். உம்மடை பெண்டிலுக்குத் தனியச் சீவிக்கத் தெரியுமோ?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இரவு நான் படுக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் விடியப் போனோம். சோறு அப்படியே இருந்தது, நண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வாளி கவிழ்ந்து கிடந்தது. திட்டைச் சுற்றிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். முழுவதையும் சுற்றிவரக் கொஞ்ச நேரம்தான். மேட்டு மணலில் அதன் கால் தடங்கள் இருந்தன, அலை வந்து அழிக்காத இடத்தில். வள்ளம் நின்ற பக்கமாகப் போயின. ஒரே நேராக. திரும்பி வந்த தடம் இல்லை.

"ஆரும் கண்டு ஏத்திக்கொண்டு போயிருப்பினம்" என்றார் சகலன்.

"ஓம்" என்றேன்.

அன்று பகல் முழுவதும் கரையோரமாக மோட்டார் சைக்கிளில் போய்க் கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அந்நிய ஆட்களோடு நான் கதைத்தது கிடையாது. ஒருவர் சிரித்தார்: "கடிச்ச நாயைத் தேடிப்பிடிச்சு முத்தம் குடுக்கப் போறியோ?" ஒருவரும் காணவில்லை.

அன்றுதான் ஆஸ்பத்திரியில் மகளைத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். படலையில் நின்று கூப்பிட்டாள். "கடிச்சபடியால் வேறை இடத்திலை கட்டி வைச்சிருக்குது" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் அவள்தான் யோசிக்காமல் பொய் சொல்லக்கூடியவள். ஆனால் குசினிக்குள் போய் என்னிடம், "பிள்ளைக்கு ஏதும் வந்தால் என்னப்பா செய்யிறது. போய்ச் சொல்லுங்கோவன்" என்று கையைப் பிசைந்தாள்.

அடுத்த நாள் இரண்டாவது ஊசி. மகளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழி முழுவதும் எப்படிச் சொல்வது என்று வசனங்களை அடுக்கினேன். மகளை வெளியில் இருத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஊசி போடுகிற தாதி, மிசி என்போம், விடவில்லை. "பிள்ளையும் வரட்டும், ஐயா. ஊசி உங்களுக்கோ?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் என் பக்கத்து வாங்கில் ஏறி இருந்து சட்டைக் கையைச் சுருட்டினாள்.

அதே டொக்டர்தான். "நாய் சுகமோ, ஐயா?"

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் சொல்ல அந்த அறையில் வழி இல்லை. சொல்லாமல் விட்டால் அவளுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

"நாய் இல்லை, டொக்டர். அண்டைக்கே திட்டிலை கொண்டுபோய் விட்டிட்டன். திரும்பப் போய்த் தேடினனான். இல்லை. கடலுக்கை இறங்கிப் போட்டுது போலை. இரண்டு வருசமா ஊசியும் போடேல்லை. ஒரு தெருநாயும் கடிச்சது. நான் பொய் சொன்னனான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "இதை அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். இனி நாயைப் பாக்கிறதெண்டு இல்லை. ஒரு ஊசியும் தவறாமல் எல்லாத்தையும் போட்டு முடிக்கவேணும். ஒழுங்காப் போட்டால் பிள்ளைக்குப் பயமில்லை" என்றார். அட்டையில் முதலில் எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். எல்லா ஊசியும் போட்டோம். இன்றைக்கு அவள் சுகமாக இருக்கிறாள். கன்னத்தில் ஒரு தழும்பு மட்டும்.

பிட்புல் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரிவருமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளை அதுபோல நேசித்த ஒரு மிருகத்தை நான் கண்டதில்லை. அவள் கன்னத்தைக் கடித்ததும் அதுதான். வேறு நாய் என்றால் கீறல் காயத்தோடு போயிருக்கும் என்று மிசி சொன்னார். பலமான தாடை உள்ளதை வளர்க்கிறவன் மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு ஊசியை விடக்கூடாது. வெடி போடும் வீட்டில் பிள்ளை தனியே பின்னால் போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். "அது ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு நான் எதையுமே பார்க்கவில்லை.

டொக்டரிடம் உண்மையைச் சொன்ன அன்று ஊசி குத்தும்போது அவள் கையை இழுக்கவில்லை. அழவும் இல்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினோம். வழக்கமாக இரண்டு கையாலும் என் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவாள். அன்று பின்னால் இருக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரு கடையடியில் நிறுத்தி, "ஐஸ் பழம் வாங்கித் தரட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். பிறகு, "தம்பி உங்களுக்குப் பின்னாலைதான் நீந்தி வந்திருப்பான், என்னப்பா?" என்றாள்.

அதற்கு மட்டும் நான் "ஓம்" என்று சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.