பழனிக்காரர் போட்ட வயரிங்

"...அவரு கைபட்ட வயரு, தலைவாரிப் பூ வச்ச பிள்ள மாதிரி இருக்கும்ணே. ஆனா ராத்திரியானா லைட்டு ஏன் நின்னு போகுது?" என்றார் கேரவன்காரம்மா.

யாராவது அழகாகப் பேசினால் நான் மனதில் எடுத்து வைத்துக்கொள்வேன். இதையும் ரசித்திருப்பேன், என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால்.

மலைமேல் நாயுடுபுரத்தில் என் பேட்டரிக் கடைக்கு அடுத்த வீடு அந்தம்மாவுடையது. டூரிஸ்ட்டுகள் படுத்துறங்கும் கேரவன் வண்டியை வாடகைக்கு விடுகிறார். பக்கத்திலேயே நான் இருக்க, வயரிங்குக்குப் பழனியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். நான் பழைய வண்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன். அந்தப் பழனிக்காரரும் அப்படித்தானாம். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. இப்போது இரண்டாவது வண்டியும் வாசலில் வந்து நிற்கிறது. அதன் வயரிங்காவது எனக்கு வர வேண்டும்.

முதல் வண்டியின் சீட்டுக்கு அடியில் குனிந்தேன். வெளிப் பிளக்கில் வரும் கரண்டைக் குறைத்து லைட்டுக்கும் பேட்டரிக்கும் தரும் கன்வெர்ட்டர் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூவாவது லூஸாக இருக்கக்கூடாதா என்று விரல் தேடியது. இல்லை. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். தகரத்தில் உரசாமல் வயருக்கு ரப்பர் வளையம். படுத்தபடியே அணைக்கத் தலைமாட்டில் சுவிட்ச். நானாக இருந்தால் அதைக் கதவோரம் வைத்திருப்பேன்.

"குத்தம் எதுவும் கெடக்காண்ணே?"

"இரும்மா. வெரசா சொல்ற சோலியா இது?"

கன்வெர்ட்டரின் காற்றுத் துவாரத்தில் ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது. இழுத்தேன். குழந்தையின் கம்பளிச் சாக்ஸ், ஒரு ஜோடி. வெதுவெதுப்பான காற்று வருகிறதே என்று யாரோ காயப்போட்டுவிட்டு, காலையில் மறந்து போயிருக்கிறார்கள். துவாரம் அடைபட்டால் கன்வெர்ட்டர் சூடேறித் தானாக நின்றுவிடும். அப்புறம் பேட்டரி எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

எனக்கு வாயெல்லாம் பல். "பழனி வெயில்ல இருக்கறவருக்கு நம்ம ஊரு குளிரு தெரியுமா? சூடு வர்ற எடத்துல சனங்க சாக்ஸத்தான் காயப்போடும்னு யோசிச்சிருக்க வேண்டாமா? உள்ளூர்க்காரன்னா யோசிச்சிருப்பான்."

அந்தம்மா செல்போன் டார்ச்சைக் குனிந்து பிடித்தார். "துவாரத்துக்கு மேல என்னமோ ஒட்டியிருக்கேண்ணே. வாசிங்க."

வாசித்தேன். முத்து முத்தான எழுத்து. "இங்கே துணி காயப்போடாதீங்க. லைட்டு நின்னுரும்."

"அப்ப வயரிங் சுத்தம்தானே?"

"சுத்தம்தான்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த சாக்ஸை வாங்கி, உதறி, என் தோளிலேயே காயப்போட்டுவிட்டு, வாசலில் நின்ற இரண்டாவது வண்டியைப் பார்த்தபடியே பழனிக்கு போன் போட்டார்.