அகத்திக்கு நடுவில்

தேவகனி கொடிக்காலுக்குள் ஏசிக்கொண்டேதான் நுழைவாள். "ஏளா, நேத்துத்தான ஏத்திக் கட்டுனேன், இன்னைக்கும் தொங்குத?" ஏச்சு வெற்றிலைக் கொடிக்கு. வாழைநாரைப் பல்லால் கிழித்து, கொடி படர நட்டிருக்கும் அகத்தியோடு சேர்த்து அதை இறுக்கிக் கட்டுவாள். ஆத்தூர் வெற்றிலைக்கு வெளியூரெல்லாம் பெயர். அவள் வாயில் மட்டும் அது படாது. "விக்கிறவ மென்னா வெளங்குமா?"

எழுபத்திரண்டாம் வருஷம் வாடல் நோய் வந்து பாதிக் கொடி கருகியது. குத்தகை நிலம். கைம்பெண். அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து ரோச் என்பவன் சைக்கிளில் வந்தான். இலங்கைக்குத் தோணியில் திருட்டுச் சரக்கு அனுப்புகிறவன்.

"எக்கா, அகத்திக்கு நடுவுல கஞ்சாச் செடி நின்னா எவன் கண்டான்? வெத்தல மாதிரி அழுகவும் செய்யாது."

போட்டாள். நீர் பாய்ச்சும்போது அதையும் ஏசினாள்: "நோய்நொடி இல்லாம வளருது பாரு, சவம்!" கூரை வீடு ஓட்டு வீடானது. தன் பங்கு எவ்வளவு அற்பம் என்று அவளுக்குத் தெரியும். "அக்கரையில ஒரு பொட்டலம் விக்கிற வெலையத்தான் எனக்கு ஒரு சாக்குக்குத் தாரான்" என்று சிரிப்பாள். அதுவே வெற்றிலையைவிட அதிகம்.

நிலக்காரர் மதுசூதனன் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருவார். வரப்பைத் தாண்டி உள்ளே கால் வைக்கமாட்டார்.

"கொடிக்கால் நன்னா வரதாமே. குத்தகையைச் சித்த ஒசத்திக்கலாம்."

"வெத்தல அவ்வளவு தாங்காது சாமி."

"வெத்தலதானே போட்டிருக்கே?"

குத்தகை உயர்ந்தது.

நெருக்கடி நிலை வந்தது. கடத்தல்காரர்களை வளைத்துப் பிடித்தார்கள். ரோச்சும் உள்ளே போனான். அறுத்துக் காயவைத்த சரக்கு வைக்கோல் படப்புக்குள் முடங்கியது. சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. "ஆட்டுக்குக்கூடப் போட முடியலயே" என்று புலம்பினாள். பக்கத்து ஊரில் போலீஸ் சோதனை என்று கேட்ட அன்றே செடிகளைப் பிடுங்கி, சாக்குகளோடு ஆற்றில் விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டு, இனித் தொடுவதில்லை என்று ஆண்டவரிடம் அழுதாள்.

பிறகு வெற்றிலை மட்டும்தான். ஏறிய குத்தகை மட்டும் இறங்கவில்லை. கம்மல் போயிற்று, ஆடுகள் போயின. ஸ்ரீவைகுண்டத்துக்கே போய் நின்றாள்.

"பழைய குத்தகைக்கே விடுங்க சாமி."

"இந்தத் தொகைக்குக் கேக்கறதுக்கு ஆள் இருக்கே, தேவகனி." அவர் குரலில் கோபமே இல்லை.

அந்த ஆள் என்ன பயிர் வைப்பான் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திராமல் வெயிலிலேயே வெகுதூரம் நடந்தாள்.

நெருக்கடி நிலையும் முடிந்தபின், போன மாதம் கிளாட்வின் என்று புதிதாக ஒருவன் வந்தான். ரோச் பார்த்த தொழில்தான்.

"இப்பம் கெடுபிடி இல்லக்கா. தோணியெல்லாம் ஓடுது."

"போயிரு தம்பி." திரும்பிப் பார்க்காமல் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் போகவில்லை. கையில் விதைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றான். ஒரு நிரை முழுவதையும் கட்டி முடித்துவிட்டு அவள் வந்தாள். ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பதரில்லை. உமியைத் துப்பிவிட்டு, மடியை விரித்தாள்.