அட்டையின் பின்பக்கம்

அந்தப் பட்டறையில் அவருக்கு 'நோட்டீஸ்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மெக்கானிக்குகள் 'நோட்டீஸ் அண்ணே' என்பார்கள். முதலாளி சந்தோஷமாக இருக்கும் நாளில் 'நம்ம நோட்டீஸ்' என்பார். மனிதர் ஸ்பேனரைத் தொட்டதில்லை, வண்டி ஓட்டவும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கடிதம் எழுதியே எத்தனையோ வண்டிகளை அவற்றின் சொந்தக்காரர்களிடமிருந்து பிரித்தவர்.

அது எப்படி என்றால், ரொம்ப எளிது. வழியில் நின்றுபோன வண்டியைப் பட்டறை லாரி இழுத்து வரும். பழுது பார்த்து முடித்ததும் கூலியைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். கொடுக்கும்வரை சாவி பட்டறைச் சுவரின் ஆணியில்தான் தொங்கும். அது பட்டறைக்குச் சட்டம் கொடுத்த உரிமை. மாதக்கணக்கில் ஆள் வரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பத்திரிகையில் யாரும் படிக்காத மூலையில் நாலு வரி, முப்பது நாள் காத்திருப்பு, கடைசியில் ஏலம். நோட்டீஸ் போக வேண்டியது வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள விலாசத்துக்கு. அந்த ஆள் இன்னும் அங்கே குடியிருக்கிறாரா என்று சட்டம் கேட்பதில்லை.

இந்தத் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. போய்ச் சேர்ந்த நோட்டீஸைவிடத் திரும்பி வந்த நோட்டீஸ்தான் உசத்தி. போய்ச் சேர்ந்தால் ஆள் ஓடி வருவார், அழுவார், தவணை கேட்பார், எங்கள் சித்தப்பா வக்கீல் என்பார். 'விலாசத்தில் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தால் ஒரு தொல்லையும் கிடையாது. அந்த உறையைப் பிரிக்கவே கூடாது. ஒட்டியது ஒட்டியபடி ஃபைலில் கிடந்தால், நாளைக்கு யார் கேட்டாலும் காட்டலாம்: நாங்கள் எழுதினோம், அவர் இல்லை, நாங்கள் என்ன செய்ய?

மூன்று வருடத்துக்கு முன் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் காரை இழுத்து வந்தார்கள். ஓட்டியவருக்கு வழியிலேயே பக்கவாதம் வந்து, கார் மின்கம்பத்தில் முட்டி நின்றிருந்தது. மூன்றாம் நாள் அவருடைய மனைவி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த முகம், கையில் ஃபிளாஸ்க்.

"தம்பி, இப்ப இருக்கிறது மாடி வீடு. இனிமே அவரால படி ஏற முடியாது. இந்த வாரமே காலி பண்ணிட்டு என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போறோம். எது எழுதினாலும் அங்க எழுதுங்க."

"நீங்க அலைய வேணாம்மா. வேலை முடிஞ்சதும் நாங்களே கடிதம் போடுவோம்" என்றார் நோட்டீஸ். அதை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அன்றைக்கு அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை.

வண்டியின் விவரம் எழுதும் வேலை அட்டையின் முன்பக்கத்தில் இடமில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினார். அந்த அம்மாள் கதவு எண்ணோடு வழியும் சொன்னார்: தண்ணீர்த் தொட்டி தாண்டி, தச்சுப் பட்டறைக்கு எதிர்ச் சந்து, கடைசி வீடு, பச்சை கேட்.

"ஒரு தடவை படிங்க, பாப்போம்."

படித்தார்.

"இன்னொரு தடவை. கோச்சுக்காதீங்க, இப்பல்லாம் எனக்கு எதுவுமே நிக்கிறதில்ல."

மறுபடியும் படித்தார். சரியாக இருந்தது. அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் கார் பின்கொட்டகையில் நின்றது. அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸின் மகளுக்கு ஊருக்கு வெளியே ஒரு மருந்து ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அந்தப் பக்கம் போகும் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனாள். பெற்ற வயிறு பதறாதா? வீட்டில் மனைவி தினமும் புலம்பினாள். அவர் தினமும் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். பூனையைக் காவலுக்கு வைத்தால் பால் என்ன ஆகும்?

"அந்தச் சாம்பல் கார் இடத்த அடைக்குது. நோட்டீஸ் போடு" என்றார் முதலாளி ஒரு நாள்.

மறந்துவிட்டேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார். பொய். மறக்கவில்லை. அட்டையைத் திருப்பினார், படித்தார், மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பதிவுப் புத்தகத்தில் இருந்த மாடி வீட்டு விலாசத்தை உறையில் முத்து முத்தாக எழுதினார். ஒன்பதாம் நாள் உறை திரும்பி வந்தது.

ஏலம் என்றால் பெரிய கூட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர், டயர்க்கடைக்காரர் ஒருவர், மூன்றாவதாக நோட்டீஸின் மைத்துனர். பட்டறை ஆட்கள் ஏலம் கேட்கக் கூடாது என்பதால் மைத்துனர் கேட்டார். முதலாளி கண்டும் காணாமல் இருந்தார். தாளில் பார்த்தால் இதில் சட்டத்துக்கு விரோதமாக ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதுதான் அவரை அரித்தது. ஏதாவது ஒரு தப்பு இருந்து யாராவது பிடித்திருந்தால் அபராதம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"சொந்தக்காரங்க வேணாம்னு விட்டுட்டுப் போன காரும்மா" என்று சொல்லி மகளிடம் சாவியைக் கொடுத்தார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அலுவலகத்தில் எல்லோரிடமும் 'எங்கப்பா வாங்கிக் கொடுத்த கார்' என்று சொல்வாளாம். அவரோ அந்தக் காரில் ஏறாமலிருக்க ஆயிரம் சாக்குச் சொன்னார். தலை சுற்றுகிறது, பெட்ரோல் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, நடந்தால் உடம்புக்கு நல்லது. "வீட்ல கார வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிற ஒரே ஆளு உங்கப்பாதான்டி" என்று மனைவி கிண்டல் செய்வாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

போன வியாழக்கிழமை சாயங்காலம் மகள் உற்சாகமாக வந்து காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு அதிசயம். மார்க்கெட் வாசல்ல கார நிறுத்திட்டு வரேன், கைத்தடியோட ஒரு பெரியவர் பின்கதவுல இருக்கிற நசுங்கலத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. 'இது எங்க வீட்டு கேட்ல நான் இடிச்சதும்மா'ங்கிறாரு!"

நோட்டீஸ் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது கியர் இன்னும் சண்டித்தனம் பண்ணுதான்னு கேட்டாருப்பா. ஆமான்னேன். கொஞ்சம் மேல தூக்கிப் போடும்மா, அது அப்படித்தான் கேக்கும்னாரு. நிஜமாவே விழுதுப்பா! ரெண்டரை வருஷமா நான் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

"வேற என்ன சொன்னாரு?"

"வேலை முடிஞ்சா கடிதம் போடறோம்னு சொன்னாங்களாம். அவங்க வீட்டம்மா ஒரு வருஷம் தபால்காரர வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அப்புறம் பட்டறைக்குப் போனா வித்தாச்சுன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாராம். உங்க பட்டறைதாம்பா! யாரோ அட்ரஸ தொலைச்சிருக்காங்க. எங்கப்பா அங்கதான் இருக்காரு, அவரு அப்படி விடுற ஆள் இல்ல, கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் அப்படியே நம்பினாள். கண்ணில் சந்தேகத்தின் தூசிகூட இல்லை. சொன்னால் மகளின் அந்தப் பார்வை போய்விடும், சொல்லாவிட்டால் அதற்கு அருகதை இல்லாமலே ஆயுள் முழுக்க அதை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பட்டறை சாத்துமுன் ஃபைலிலிருந்து வேலை அட்டையையும், பிரிக்காத உறையையும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை காலை மகளிடம், "அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போவோம், வா" என்றார்.

"வீடு தெரியுமாப்பா?"

"தெரியும்."

ஆபீஸில் பார்த்து வைத்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் கையில் ஒரு தாளும் இல்லை. தண்ணீர்த் தொட்டி வந்தபோது நேராகப் போகச் சொன்னார். தச்சுப் பட்டறை வந்தபோது எதிர்ச் சந்தில் திருப்பச் சொன்னார். ஒருமுறைகூட வராத தெருவில் யாரையும் விசாரிக்காமல் வந்து சேர்ந்தார்கள். கடைசி வீட்டின் கேட்டில் பச்சை பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது.

கதவைத் திறந்தது அந்த அம்மாள்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. உள்ளே கட்டிலில் பெரியவர் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீங்க... கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருந்த தம்பிதானே? வாங்க, வாங்க. உள்ள வாங்க."

அவர் வாசற்படியிலேயே நின்றார். உறையை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் வாங்கி, மேலே எழுதியிருந்ததைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"அய்யோ, இது பழைய மாடி வீட்டு அட்ரஸாச்சே. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், நான்தான் பதட்டத்துல தப்பா சொல்லிட்டேன் போலன்னு. இல்லேன்னா நீங்க எழுதும்போது தப்பாயிருக்கும். பரவால்ல தம்பி. எத்தனை வண்டி, எத்தனை அட்டை. மனுஷன்தானே."

"அதான் நானும் அப்பாகிட்ட சொன்னேம்மா" என்றாள் பின்னால் நின்ற மகள், நிம்மதியாக.

தலையை ஆட்டினால் போதும். மூன்று பேருக்கும் நல்லவராகவே வீடு திரும்பலாம். கதவு திறந்திருந்தது, மன்னிப்பும் தயாராக இருந்தது. அவர் சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து, பின்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, அந்த அம்மாளிடம் கொடுத்தார்.

"நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. நானும் சரியாத்தான் எழுதினேன்."

மகளைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் கை அவரைத் தாண்டி நீண்டு, கார் சாவியை அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தது.