சிவராம் ஆனையூருக்குக் குடிபோன கதை

கல்யாணமான நாளிலிருந்து சிவராம் மதுரை தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார். ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அலுவலகம் நடந்துபோகும் தூரம். ஆனாலும் அவருக்குச் சந்து பிடிக்கவில்லை. பைக் நிறுத்த இடமில்லை. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இவர் தும்மினார். எதிர்வீட்டு சீரியலில் யார் யாரை அறைந்தார்கள் என்பது இவருக்கும் அத்துப்படி.

"ஆனையூர்ப் பக்கம் போயிரணும். அங்கன காத்தே வேற" என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனையூரும் மதுரைதான்; நகரின் வடக்கு ஓரம்.

மனைவி மதுவந்திக்கு மனமில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் வர்ஷினி, எத்தனை பஸ் மாறவேண்டும் என்று கேட்டாள். சிவராம் விடவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் நிலத்தடி நீரையும் மனஅமைதியையும் விளக்கினார்.

"சரி, போவோம். போனாலாச்சும் இந்தப் பேச்சு நிக்கும்" என்றாள் மதுவந்தி.

ஆனையூரில் மாடி வீடு வாங்கினார்கள். முதல் வாரம் அவர் மொட்டைமாடியில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார். அடுத்த வாரமே, தாமதமாக வருவதற்கு விளக்கம் கேட்டார் மேலதிகாரி. காலையில், வழியிலுள்ள கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டிகள் நகருவதில்லை. எனவே விடிந்தும் விடியாமல் கிளம்பி, பூட்டிய அலுவலக வாசலில் வாட்ச்மேனோடு உட்கார்ந்தார். மாலையில், கூட்டம் குறையட்டும் என்று பழைய சந்துக்கே போனார். அவர் பேச்சைக் கேட்டு ஆனையூரில் மனை தேடிக்கொண்டிருந்தவர்கள், அங்கே காற்று எப்படி என்று விசாரித்தார்கள்.

"அமிர்தம்" என்றார், மிளகாய்ப் புகையில் இருமியபடி.

இதற்குள் வீட்டுக்காரர் சிவபாண்டி, கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காகப் பழைய வீட்டை அறை அறையாகத் தடுத்திருந்தார். மழை கொட்டிய ஒரு மாலை, திரும்ப முடியாமல் சிவராம் அங்கே தங்கினார். கிடைத்தது அவருடைய பழைய படுக்கையறைதான். மறுநாள் நிதானமாகக் குளித்து, நடந்தே அலுவலகம் போனார். பிறகு மழை பெய்யாத நாட்களிலும் தங்கினார்.

"மாச வாடகைக்கே எடுத்துக்குங்கண்ணே. ஒங்களுக்கு இல்லாத ரூமா?" என்றார் சிவபாண்டி.

ஒருநாள் சிவராம் தயங்கித் தயங்கி மனைவியிடம் பேச்செடுத்தார். "எல்லாருமே பழையபடி டவுனுக்குப் போயிருவமா?"

மதுவந்தி மாடித்தோட்டத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்கு இப்போது ஏகப்பட்ட சிநேகிதிகள். வர்ஷினிக்கும் கல்லூரி வாசல்வரை ஒரே பஸ் அமைந்துவிட்டது.

"நாங்க வரல. நீங்க வேணும்னா அங்கயே இருங்க. ஞாயித்துக்கிழம வாங்க, வடை சுட்டு வைக்கிறேன்."

அப்படியே ஆயிற்று. ஞாயிறுதோறும் அழுக்குத்துணிப் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கும் சிவராமைப் பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டு சரண்யாதேவி ஒருநாள் மதுவந்தியிடம் கேட்டேவிட்டாள்.

"அண்ணனுக்கு எந்த ஊர்லக்கா வேலை?"

"மதுரைலதான்."

"பாவம், அம்புட்டுத் தூரம் அலையணுமே."

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த சிவராம் அதை மறுக்கவில்லை. இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு, "பழகிப்போச்சும்மா" என்றார்.