தாஜுதீன் பாய் கேட்ட நம்பர்

போன வியாழக்கிழமை காலை, நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்த்தேன். பழைய சகாக்களின் வாட்ஸப் குழுவில் ஒரே வரி: "தாஜுதீன் பாய் மவுத்தாயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். இர்விங்ல நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். ஒருவர் விரல் தவறிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். பாய்க்கு வயது ஐம்பத்து மூன்று. நான் கும்பிடுகூடப் போடவில்லை. அப்படியே காரில் உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்குள் டைரக்டரிடமிருந்து மெயில் வந்துவிட்டது. நான்தான் அவருக்கு நெருக்கமாம், கம்பெனி நியூஸ்லெட்டருக்கு நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில் இரங்கல் எழுதுவது என்ன பெரிய வித்தையா? அர்ப்பணிப்பு, புன்னகை, குடும்பம் என்று மூன்று சொல்லைப் போட்டால் தீர்ந்தது. நாலு வருஷத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பிய அதே டைரக்டர், "பியூட்டிஃபுல்" என்று பதில் போட்டார். இப்போது நம் தமிழ்ச் சங்க மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அந்த நாலு வரியை இங்கேயும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

தாஜுதீன் பாய் தஞ்சாவூர் அய்யம்பேட்டைக்காரர். எங்கள் கம்பெனி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற கட்டடங்களுக்கு இரும்புச் சட்டங்களை வடிவமைக்கிற இடம். அவர் இன்ஜினியர் இல்லை. எழுபது பேருடைய கம்ப்யூட்டர்களிலும் ஒரே மாதிரியான டிசைன் ஃபைல்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கேட்க அற்பமாக இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மகா புத்திசாலி.

தூணின் அடித்தகடு, படிக்கட்டின் கைப்பிடி, உத்திரம் சேரும் இடம் இவற்றையெல்லாம் நாங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைவதில்லை. முன்பே வரைந்து வைத்த பொது ஃபைல்களிலிருந்து எடுத்துப் போடுவோம். அவர் வருவதற்கு முன் ஆளுக்கு ஒரு காப்பி வைத்திருந்தோம், ஆளுக்கு ஒரு திருத்தம். ஒரே கட்டடத்துக்கு மூன்று விதமாகப் படிக்கட்டு வரைந்த பெருமையெல்லாம் எங்களுக்கு உண்டு. அவர் வந்து எல்லாவற்றையும் சர்வரில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். திருத்தங்களை வாரம் ஒருமுறை சேர்த்து, அந்தத் தொகுப்புக்கு ஒரு நம்பர் போடுவார். செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அவர் எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று புது ஃபைல்களைத் தானாக இழுத்து வைக்கும். திரையின் மூலையில் புது நம்பர் தெரியும்.

"சர்வர்ல நல்ல ஃபைல் இருந்து என்னப்பா பிரயோஜனம்? சோறு சட்டியில இருந்தா பசி அடங்குமா? தட்டுக்கு வரணும்ல" என்பார்.

தட்டுக்கு வந்ததா என்று பார்க்க அவர் வைத்திருந்த வழக்கத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஹாலின் நடுவில் வந்து நிற்பார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் தன் திரை மூலையில் இருக்கிற நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். பக்கத்து மேஜை கிரெக் கையைத் தூக்கிப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நிற்பான். பிறகு அவனே, பாய் லீவில் போன வாரம், "யார் இன்னிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறது?" என்று கேட்டான்.

லீவில் இருப்பவர்களையும் விட மாட்டார். டிராஃப்ட்ஸ்மேன் சேகர் மச்சினி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஐசலின் போயிருந்தான். மறுநாள் வீட்டிலிருந்தே ஒரு படம் அனுப்ப வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் பாய் அங்கே இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டுக்கே போய்விட்டார். புடவைக் கடை வாசலில் அவனைப் பிடித்து, "மாப்ள, லேப்டாப் கார்லதான இருக்கு? ட்ரங்க்க தொற" என்றாராம். சேகர் பொண்டாட்டி, "இவரு யாருங்க, போலீஸா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த வழக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. முதல் ஆள் "நாற்பத்தொன்று" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் திரையைப் பார்க்கவே வேண்டாம், திருப்பிச் சொன்னால் போதும். யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்கிற பட்டியல் சர்வரில் தானாகவே பதிவாகும். அதைப் பார்த்தால் வேலை முடிந்தது. "அதப் பாக்க வேண்டியதுதானே பாய்?" என்று நானே ஒருநாள் கேட்டேன். "எல்லாம் பெரிய மனுஷங்க. இதுல போயி பொய் சொல்லி என்னப்பா ஆகப்போவுது?" என்றார்.

நான் சொன்னேன். ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் சொன்னேன்.

காரணம் கேட்டால் காறித் துப்புவீர்கள். புது ஃபைல் இறங்கும் நாளில் என் கம்ப்யூட்டர் தயாராக நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்துக்குப் பொறுமை இல்லாத பெரிய உத்தியோகஸ்தன் நான். முப்பத்திரண்டாம் நம்பர் வந்த வாரம் அந்த புரோகிராமை என் மெஷினில் மட்டும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் கிரெக் சொன்ன நம்பரை அப்படியே ஒப்பித்தேன். "சம்பத்து?" என்பார். "நாற்பத்தொண்ணு பாய்" என்பேன். "சரிப்பா" என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

இடையில் முப்பத்தாறாம் நம்பரில் தூண் அடித்தகட்டின் படம் மாறியிருந்தது. நாலு போல்ட் இருந்த இடத்தில் ஆறு. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கீழே கான்கிரீட்டை கிரெக் வரைந்தான், மேலே இரும்பை நான் வரைந்தேன். அவனிடம் ஆறு, என்னிடம் நாலு. சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. தகடுகள் செய்து லாரியில் போய் இறங்கிய பிறகு, சைட்டிலிருந்து போட்டோ வந்தது: கான்கிரீட்டில் ஆறு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறது, தகட்டில் நாலு ஓட்டை. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் எல்லாத் தகடுகளையும் மறுபடி செய்ய வேண்டும், பள்ளிக்கூடம் திறப்பது தள்ளிப்போகும், வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு தலை வேண்டும்.

இதற்காக டைரக்டர் கூட்டிய மீட்டிங்குக்கு முன்னால் பாய் என் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "சம்பத்து, சர்வர் லிஸ்ட்ட இப்பத்தான் தொறந்து பாத்தேன். ஒம் மெஷின் முப்பத்திரண்டுலயே நிக்குது. என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

அவரும் ஹெச்-ஒன் விசா, நானும் ஹெச்-ஒன் விசா. வேலை போனால் அறுபது நாளில் இன்னொன்று கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். என் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "தெரியலயே பாய். உங்க புரோகிராம்ல ஏதாவது பக் இருக்குமோ?"

என் முகத்தைப் பார்த்தார். "இருக்கலாம்ப்பா" என்றார்.

மீட்டிங்கில் அவர் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நான் நம்பரைக் கேட்டேன், சொன்னதை நம்பினேன். லிஸ்ட்டைப் பார்க்காதது என் தப்பு." எந்த மெஷின் என்று டைரக்டரும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு பெயர் போதும், அது கிடைத்துவிட்டது. நான் பாயிலிருந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் உட்கார்ந்த நாற்காலி எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். கிளம்புகிற அன்று என் மேஜைக்கு வந்து என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் நிறுத்தி வைத்திருந்ததை இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்து மறுபடி ஓட வைத்தார். "ரொம்ப நேரம் இழுக்குதா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே சம்பத்து. நாலு நிமிஷத்த ஒரு நிமிஷமா ஆக்கிக் குடுத்துருப்பேன்." திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. திட்டியிருந்தால் நான் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த நிம்மதியை அவர் எனக்குத் தரவில்லை.

ஐம்பத்தோராவது நாள் அவருக்கு டெக்சஸ் இர்விங்கில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. கிரீன் கார்டுக்கான பேப்பர்களைப் புதுக் கம்பெனி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவருக்கு ஒரே பெண், நஸ்ரின். நாலு வயதில் இங்கே வந்தவள்; பிள்ளைக்கு இருபத்தொன்று ஆவதற்குள் அப்பாவின் கிரீன் கார்டு வரிசை நகர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வரிசையிலிருந்து விழுந்துவிடும். எங்கள் கம்பெனியிலேயே இருந்திருந்தால் அடுத்த வருஷம் அவர் முறை வந்திருக்கும். என் முறை வந்தது.

அப்போது இர்விங்கிலிருந்து அவர்தான் கூப்பிட்டார். "கார்டு வந்துருச்சாமே? சந்தோஷம்ப்பா. வீட்டுல எல்லாருக்கும் சலாம் சொன்னேன்னு சொல்லு."

"நஸ்ரினுக்கு என்னாச்சு பாய்?"

"இருபத்தொண்ணு ஆயிருச்சுல்ல. டொரண்டோ போறா. நல்ல ஊருதான், குளிரு மட்டும் ஜாஸ்தி." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான். ஃபோனை வைத்ததும் அப்பாடா என்றிருந்தது.

போன வெள்ளிக்கிழமை நஸ்ரினைக் கூப்பிட்டேன். டொரண்டோவிலிருந்து இந்தப் பக்கம் வர அவளுக்கு விசா இல்லை, அடக்கமோ மறுநாளே. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவாள்; அந்த அத்தாவின் முகத்தை யாரோ பிடித்த ஃபோனில்தான் பார்த்திருக்கிறாள். அழுது முடித்த குரல்.

"அத்தா ஆல்வேஸ் டாக்ட் அபௌட் யூ, அங்கிள். கேன் ஐ ஆஸ்க் சம்திங்? ஜெர்சியில அத்தா ரியலி மெஸ்ட் அப் பண்ணிட்டாங்களா? ஹீ நெவர் டோல்ட் மீ."

நாலு வருஷம் கழித்து, அவர் மண்ணுக்குள் போன பிறகும், என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "புரோகிராம்ல சின்ன பக் மா." ஓகே அங்கிள் என்று வைத்துவிட்டாள். ச்சீ என்று ஆகிவிட்டது எனக்கே.

அவளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. அதனால் இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் நேற்று அவளுக்கு ஃபோனில் முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

"அத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தென் ஒய் டிட் ஹீ ஸ்டில் கால் யூ?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "ப்ரிண்ட் இட், அங்கிள். வித் யுவர் நேம்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

பாய், நீங்கள் எழுதிய புரோகிராம் இன்றைக்கும் எங்கள் எழுபது கம்ப்யூட்டர்களிலும் ஓடுகிறது. பத்து மணிக்கு ஹாலின் நடுவில் வந்து நிற்கத்தான் ஆளில்லை. ஒன்பது வாரம் என் பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள், ஒன்பது வாரமும் பக்கத்து மேஜை நம்பரைச் சொன்னேன். அன்று என் திரையில் இருந்ததை இப்போது சொல்கிறேன், எல்லோர் காதிலும் விழட்டும்.

முப்பத்திரண்டு, பாய். என்னுடையது முப்பத்திரண்டு. போய் வாருங்கள்.

சம்பத்
பிஸ்கட்டவே