திருப்பிக் கொடுக்காத கறுப்புத் துணி

கூரை ஓரத் தகரத் தூம்பில் அடைத்திருந்த அத்தி இலைகளை நான் வாரிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். எங்கள் ஊரில் ஊற்று கிடையாது. முதல் மழைக்கு முன் தூம்பைச் சுத்தம் செய்யாவிட்டால் நிலத்தடித் தொட்டி நிறையாது. அடுத்த கோடையில் குடிக்க எதுவும் இருக்காது. அதற்காகவே செப்டம்பரில் பத்ரா நகரத்திலிருந்து வருவேன். அங்கே எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை.

"ஊரையெல்லாம் லிஃப்டுல மேல ஏத்துறவன், நாலு படி ஏணியில நிக்கக் கால் நடுங்குது" என்றாள்.

அப்போது மேல்தெருவிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. திரும்பினேன். லியாகோஸின் முற்றம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவருடைய மனைவி யானூலா தொட்டியின் இரும்பு மூடியருகே மண்டியிட்டிருந்தாள்.

அம்மா ஏணியை விடவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"முன்னாடியே மூச்ச இழுத்து வச்சிக்கிட்டுக் கத்துறா" என்றாள். "திடீர்னு பாத்தவளுக்கு முதல்ல குரலே வராது."

பிறகு சொன்னாள்: "இலைய முழுசா வாரு மனோலி. பாதியில எறங்காத."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

என் அம்மா ஸ்தமாத்தா எங்கள் ஊர் ஒப்பாரிக்காரி. ஒப்பாரியை யாரும் இடைமறிக்கக் கூடாது. அதில் சொன்னதற்காக யாரும் சண்டைக்கும் போகக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் அவள் ஆயுள் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரர் இறந்தபோது, "எடை குறைச்ச ராசா, உன் மேல விழுற மண்ணு முழு எடை" என்று பாடினாள். அவருடைய மகன்கள் தலை குனிந்து கேட்டார்கள். ஊரே அவளுக்குப் பயந்தது. ஆனால் அடுத்தவன் சாவுக்கு மட்டும் முன்வரிசையில் வந்து நின்றது. "ஸ்தமாத்தா உசிரோட இருக்குற வரைக்கும் நான் சாகுறதா இல்ல" என்பார் காப்பிக்கடை திராசோஸ்.

எல்லா ஒப்பாரியும் ஒரே இடத்தில் முடியும். பாடுகிறவள் சாவின் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாள். நான்தான் கொன்றேன், நான்தான் தள்ளினேன் என்பாள். தொண்ணூறு வயதில் தூக்கத்தில் செத்தவருக்கும் அதே வரிதான். பாடும்போது தலையில் கட்டச் செத்த வீட்டார் ஒரு கறுப்புத் துணி தருவார்கள். நாற்பதாம் நாள் அவள் அதைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். துணி திரும்பினால் பாடிய சொற்களும் அந்த வீட்டுக்கே திரும்பும். திரும்பாவிட்டால் சொற்கள் பாடியவளுடையவை.

அன்று லியாகோஸ் தன் வீட்டுத் தொட்டிக்குள் செத்து மிதந்தார். ஊரிலேயே பெரிய தொட்டி அது. பக்கத்து வீட்டு ஆடுகள் நாக்குத் தள்ளிச் செத்தபோதும் பூட்டைத் திறக்காதவர். மனைவிக்கே கோப்பையில் அளந்து கொடுப்பார்.

உள்ளூர்க் காவலர் தற்கொலை என்றார்.

"ஆமாமா" என்றார் திராசோஸ். "உள்ள குதிச்சிட்டுக் கைய நீட்டி வெளிய பூட்டுப் போட்டுக்கிட்டான். கஞ்சன்தான், ஆனா கை அம்புட்டு நீளமில்லையே."

ஏதென்ஸிலிருந்து மாவ்ரோஸ் என்ற இளம் இன்ஸ்பெக்டர் வந்தார். காப்பிக்கடையில் உட்கார்ந்து விசாரித்தார். ஊரே உற்சாகமாக ஒத்துழைத்தது.

"கொல்லணும்னுதான் சார் இருந்தேன்" என்றார் ஒரு ஆட்டுக்காரர். "ஆடு குட்டி போடுற நேரம். கை ஒழியல."

"பாவமன்னிப்புல கேட்டத நான் வெளிய சொல்லக் கூடாது" என்றார் பாதிரியார் ஃபோத்திஸ். "இந்த வாரம் யாரும் வரலேங்கிறத மட்டும் சொல்லலாம்."

அடக்கத்தின்போது இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றார். யானூலா கொடுத்த துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அம்மா பாடினாள். செத்தவரை விட இருப்பவர்களைத்தான் அதிகம் பாடினாள்.

"தண்ணி இல்லாத ஊருல, என் ராசா, திராசோஸ் சாராயத்துல மட்டும் தண்ணி குறையல. மழைக்கு வேண்டுற சாமியாரு, என் ராசா, தன் கூரைத் தூம்ப மட்டும் தொடச்சு வச்சாரு."

கூட்டம் அழுவதுபோல முகத்தை மூடிச் சிரித்தது. பெயர் வந்தவர்கள் சிரிக்கவில்லை. கடைசி வரிகள் வந்தன.

"நானே உன்னத் தள்ளினேன், என் ராசா. நானே மூடியப் போட்டேன். இருட்டுக்குள்ள உன்ன நானே விட்டேன்."

இன்ஸ்பெக்டர் வந்து அவள் கையைப் பிடித்தார்.

"வேணாம் தம்பி" என்றாள் அம்மா. "எனக்கு நடக்கத் தெரியும்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"அது பாட்டுப்பா."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "இப்படிப் பாடுறது இங்க வழக்கமா?"

நான் ஆமாம் என்றேன். "நீங்க மகன், அப்படித்தான் சொல்வீங்க" என்றார். மற்றவர்களைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு காது செவிடு சார்" என்றார் திராசோஸ்.

"திருச்சபை ஒப்பாரிய அங்கீகரிக்கிறதில்ல" என்றார் பாதிரியார்.

யானூலா தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "நல்லாத்தான பாடினா? உள்ள போயும் பாடட்டும்."

ஓர் இரவு சிறையில் இருந்துவிட்டு வந்தால் அவள் நாக்கு அடங்கும் என்று ஊரார் நினைத்திருக்கிறார்கள். மறுநாள் யாராவது போய் அது வழக்கம்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் போகிறவன் நேற்றுப் பொய் சொன்னவன் ஆகிவிடுவான். ஒவ்வொருவரும் அடுத்தவன் போகக் காத்திருந்தார்கள். வாரங்கள் போயின.

சிறையில் அம்மாவைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்திருந்தாள்.

"யாருன்னு உனக்குத் தெரியும். சொல்லிடும்மா."

"அலறல் கேட்டப்பவே தெரியும். அவ கொன்னது தப்பு. அலறினது அதவிட மோசம்."

"வெளையாடாதம்மா."

"கோப்பையில அளந்து குடிச்சவடா அவ. அவளக் காட்டிக் குடுத்துட்டு நான் வந்து தொட்டியில மொண்டு குடிக்கணுமா? எதுக்கு? அது வழக்கம்னு ஒருத்தன் வந்து சொன்னாப் போதுமே. இத்தன சாவுக்குப் பாடியிருக்கேன். ஒருத்தன் வரமாட்டானா?"

யாரும் வரவில்லை.

"நாப்பதாம் நாளுக்குள்ள விட்டுடுவாங்கல்ல?" என்று கேட்டாள். "துணியக் குடுக்கணும்."

அந்த வாரமே பெஞ்சில் உட்கார்ந்தபடி இறந்தாள். இதயம் என்றார்கள். ஒரு பையைக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி, செருப்பு, கறுப்புத் துணி. துணியை அறைக் குழாயில் துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்தாள்.

அவளுக்குப் பாட ஆள் இல்லை. எங்கள் வீட்டுத் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியருகே நின்றேன். ஊரே முன்வரிசையில் நின்றது. இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். குற்றவாளி இறந்ததால் வழக்கை மூட வந்தவர்.

யானூலா முன்னால் வந்து கையை நீட்டினாள். துணியைக் கொடுத்தேன். அவளுக்கு ராகம் வரவில்லை. மூச்சும் பிடிபடவில்லை. இந்த முறை முதலில் குரலே வரவில்லை.

"நான்தான் ஸ்தமாத்தா" என்றாள். "அவரு குனிஞ்சாரு. நான் தள்ளினேன். பூட்டின சத்தம் இன்னும் காதுல கேக்குது. அவரத் தள்ளின கையாலயே உன்னையும் தள்ளிட்டேன். உன்னக் கூட்டிட்டுப் போனப்ப நான் வாயத் தொறக்கல."

பெண்கள் நிறைவாக அழுதார்கள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன். வழக்கம்தானே?"

"வழக்கம்தான் சார். ரொம்பப் பழசு" என்றார் பாதிரியார்.

"கடைசி வரி நல்லாவே கேட்டுச்சு" என்றார் திராசோஸ்.

"அவங்க சொல்றது உண்மை" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டினார். "துக்கத்துல இருக்கீங்க. போய்த் தூங்குங்க."

லியாகோஸின் நாற்பதாம் நாள் வந்தது. யானூலாவின் முற்றத்தில் எல்லோரும் வேகவைத்த கோதுமை தின்றுகொண்டிருந்தார்கள். தொட்டி மூடியின் மேல்தான் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அம்மா மடித்த துணியை மடிப்புக் கலையாமல் எடுத்துப் போனேன். அதை யானூலா வாங்கிக்கொண்டால் அம்மா கொலைகாரி இல்லை. சட்டத்துக்கு இல்லாவிட்டாலும் ஊருக்கு.

"அத்தை, அம்மா தரச் சொன்னாங்க."

யானூலா கையை நீட்டினாள். விரல் துணியில் பட்டது.

"பாடினவ கையால குடுத்தாத்தான் செல்லும்" என்றார் திராசோஸ், வாயில் கோதுமையோடு. "மகன் கை செல்லாது. என்ன சாமி?"

பாதிரியார் யோசித்தார். "மகன் குடுத்து நான் பாத்ததில்ல."

"அப்ப அவ பாடினது அவ சொல்லாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் திராசோஸ். "செத்தவளுக்கு அது என்ன பாரமா?"

யாரோ சிரித்தார்கள். யானூலா கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய், என் கையில் ஒரு கிண்ணம் கோதுமை வைத்தாள்.

அம்மாவின் நாற்பதாம் நாளில் அவள் எங்கள் வீட்டுத் துணியைத் தவறாமல் கொண்டுவந்தாள். துவைத்து, மடித்து, அவள் கையாலேயே. அழுதுகொண்டுதான் கொடுத்தாள். பின்னால் ஊர் நின்று பார்த்தது. வாங்கிக்கொண்டேன். பாட்டில் அவள் ஒத்துக்கொண்டதெல்லாம் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

அம்மா மடித்த துணி இன்னும் என் பையில் இருக்கிறது. எங்கள் கீழ்த்தெருவிலிருந்து மேல்தெருவுக்கு ஒரு நடை. அம்மா போயிருக்க வேண்டிய நடை.