அவள் பெயருக்கு நேரே நான் போட்ட கையெழுத்து

கடலூர்க் கல்லூரியில் நான் கடைசி வருடம் படித்தபோது ஒரு பெரிய மனிதர் பேச வந்தார். ஆலைப் புகையால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று பத்திரிகையில் எழுதியவர். நானோ சிதம்பரத்திலிருந்து தினமும் அந்தப் புகை வழியாக மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வருகிறவள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கூச்சல் போட்டால்தானே தப்பு, கை தட்டினால் யார் கேட்பது என்று எங்கள் வகுப்பில் அன்று வந்திருந்த முப்பத்தொன்பது பேரும் பேசி வைத்துக்கொண்டோம். அவர் வாயைத் திறந்தார், தட்டினோம். மறுபடி திறந்தார், மறுபடி தட்டினோம். ஓட்டுக் கூரையில் மழை விழுவதுபோல அது நிற்காமல் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அரைத் தூக்கத்தில் மிதந்தபடி தட்டினேன். விழித்தபோது மேடையில் அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு இறங்கிப் போய்விட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், கலகம் செய்யப் போன நாங்கள் வரிசையில் நின்று அட்டென்டன்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். அது குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்களே. காய்ச்சலில் பரங்கிப்பேட்டை வீட்டில் படுத்திருந்த தோழிக்கும் சேர்த்து நானே போட்டேன். கூட்டத்தைக் கெடுத்தோம் என்று புகார் போய், போலீஸ் அந்தத் தாளைத்தான் எடுத்துக்கொண்டு போனது. அதில் இருந்த நாற்பது பேர் மீதும் வழக்கு.

இரண்டு வருடம் கடலூர்க் கோர்ட்டில் வாய்தா. நான் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன், அந்தத் தோழி பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து, வழியில் முட்லூரில் ஏறிப் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை துபாயில் காத்திருந்தார். வழக்கு இருந்ததால் பாஸ்போர்ட் வரவில்லை. கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் என்மேல் இன்னொரு வழக்கு வரும், வாத்தியார் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவளோடு பேச வேண்டியிருக்குமே என்று ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப் போவேன். கனவில்கூடக் கைத்தட்டல்தான் கேட்டது.

ஒரு வாய்தாவில் அவள் அழுது கண் வீங்கி வந்தாள். அன்று என் பெயரைக் கூப்பிட்டதும், தட்டியது நான், அவள் பெயரில் கையெழுத்துப் போட்டதும் நான், அவள் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவளை விடுவித்தார். எனக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்கும் தண்டனையும். அவள் போகவில்லை. சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில், ஆலை நாற்றம் தாண்டியதும் கேட்டாள்.

"அன்னைக்கு காய்ச்சல் வரலன்னா நான் தட்டியிருக்க மாட்டேன்டி. அந்தாளு என்னதான் சொல்றாருன்னு கேட்டுட்டு, எழுந்து நாலு கேள்வி கேக்கணும்னு எழுதி வச்சிருந்தேன். என்ன சொன்னாரு?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

"அன்பு மாணவர்களேன்னாரு," என்றேன். "அதுக்கு மேல நாங்க வுடல."